முகத்தில் கட்டி வந்தால் மாத்திரையை நிறுத்தலாமா?



அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள் நம் பெரியவர்கள். மனத்தில் உள்ள மகிழ்ச்சியையும் கவலையையும் முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்பது அதன் பொருள். உடம்புக்குள் போன ஒரு மருந்தையும் முகம் காட்டிக் கொடுப்பதுண்டு. அதைப் பற்றியதுதான் இன்றைய உரை.

ஒரு குடும்பத்தை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். ஐம்பத்தெட்டு வயதுத் தாயார். வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. மூன்று மாதமாக விடாத இருமல். படம் எடுத்தார்கள், சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. கீமோ என்ற சொல்லைக் கேட்கவே குடும்பம் பயந்துகொண்டிருந்தபோது, "உங்களுக்கு இப்போது கீமோ தேவையில்லை, தினமும் ஒரு மாத்திரை போதும்" என்றார் மருத்துவர். வீட்டில் எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள்.

பத்தாம் நாள் மூக்கின் இருபுறமும் சிவந்தது. பதினைந்தாம் நாள் நெற்றி, கன்னம், மார்பு, தலை என்று சிறு சிறு கட்டிகள். அரிப்பு, எரிச்சல். மின்தூக்கியில் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்: "என்னக்கா, அம்மை போட்டிருக்கா?" அன்றோடு கோயிலுக்குப் போவதும் மார்க்கெட்டுக்குப் போவதும் நின்றன. அடுத்த மாதம் அக்காள் மகளுக்குக் கல்யாணம். இந்த முகத்தோடு எப்படிப் போய் நிற்பது? ஒரு காலை, மாத்திரையை வாயில் போடாமல் இழுப்பறையில் வைத்தார். மறுநாளும் வைத்தார். ஒரு வாரத்தில் முகம் சற்றுத் தெளிந்தது. மகளிடமும் சொல்லவில்லை, மருத்துவரிடமும் சொல்லவில்லை.

இது ஒரு கற்பனைக் குடும்பம்தான். ஆனால், இத்தகைய மருந்துகளை எழுதிக் கொடுக்கும் மருத்துவர்களுக்கு இந்தக் கதை புதிதன்று. அந்தத் தாயார் செய்தது சரியா? வேறு வழி இருந்ததா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுவோம்.

குறி பார்த்துத் தாக்கும் மருந்து

கீமோதெரபி மருந்துகள் வேகமாகப் பெருகும் உயிரணுக்களைத் தாக்குபவை. புற்றுநோய் அணு வேகமாகப் பெருகும். முடியின் வேரில் உள்ள அணுவும் அப்படித்தான். அதனால்தான் முடி கொட்டுகிறது. இதற்கு மாறாக, புற்றுநோய் அணுவை இயக்கும் ஒரு குறிப்பிட்ட விசையை மட்டும் தேடிப் பிடித்து அணைப்பவை இலக்கு மருந்துகள். 2001-ஆம் ஆண்டில் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. இந்த வகை மருந்துகளின் காலம் அதோடு சூடுபிடித்தது எனலாம்.

நுரையீரல் புற்றுநோயில் அடிக்கடி காணப்படும் விசைக்கு இ.ஜி.எஃப்.ஆர். என்று பெயர். அணுவின் மேற்பரப்பில் இருந்துகொண்டு "வளர், பெருகு" என்ற கட்டளையை உள்ளே அனுப்பும் ஏற்பி அது. அதன் மரபணுவில் கோளாறு ஏற்பட்டால் கட்டளை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். கெஃபிடினிப், எர்லோடினிப், அஃபாடினிப், ஓசிமெர்டினிப் ஆகிய மாத்திரைகள் அந்தக் கட்டளையை நிறுத்துகின்றன. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஊசி வழியாகத் தரப்படும் செடுக்சிமாப், பானிடுமுமாப் ஆகிய மருந்துகளும் இதே ஏற்பியைத்தான் தடுக்கின்றன.

இந்த வட்டாரத்தில் வாழும் நமக்கு இது தூரத்துச் செய்தி அன்று. சிங்கப்பூரில் ஆண், பெண் இருபாலரிடையேயும் அதிகம் காணப்படும் முதல் மூன்று புற்றுநோய்களில் நுரையீரல் புற்றுநோயும் ஒன்று. அதன் பொதுவான வகையான அடினோகார்சினோமா கண்ட ஆசிய நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்த மரபணுக் கோளாறு இருக்கிறது. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அது 10 முதல் 15 விழுக்காடு வரைதான். இந்தியரிடையே சீனரைவிடக் குறைவு என்றாலும், மேற்கத்தியரைவிட அதிகம். புகைக்காதவர்களிடமும் பெண்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

2009-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இந்த மாத்திரைகளின் போக்கையே மாற்றியது. மலேசியா, சிங்கப்பூர் உட்படப் பல ஆசிய நாடுகளைச் சேர்ந்த 1,217 பேர் அதில் பங்கேற்றனர். மரபணுக் கோளாறு இருந்தவர்களுக்கு, நோயைக் கட்டுக்குள் வைப்பதில் கீமோவைவிட கெஃபிடினிப் சிறந்து விளங்கியது. கோளாறு இல்லாதவர்களுக்குக் கீமோவே மேலாக இருந்தது. முதலில் மரபணுச் சோதனை, பிறகு மாத்திரை என்ற நடைமுறை வலுப்பெற்றதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

எலிக்குஞ்சின் கண் திறந்த கதை

நுரையீரலுக்குத் தரும் மருந்து முகத்தில் ஏன் வேலை காட்டுகிறது? இதற்கான விடை பழைய ஆய்வுக்கூடம் ஒன்றில் கிடைக்கிறது.

அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி கோயன், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்திப் பார்த்தார். பொதுவாக எலிக்குஞ்சின் கண் திறக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். இந்தக் குஞ்சுகளுக்கு ஒரு வாரத்திலேயே கண் திறந்தது. பல்லும் முன்னதாகவே முளைத்தது. அந்தச் சாற்றில் இருந்த ஒரு பொருள், மேல்தோலை விரைந்து வளர்த்து முதிர வைத்திருக்கிறது என்பதை அவர் கண்டறிந்தார். அதற்கு "மேல்தோல் வளர்ச்சிக் காரணி" என்று பெயர் வந்தது. இத்துறையில் செய்த பணிக்காக 1986-இல் ரீட்டா லெவி மொன்டால்சினியுடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அந்தக் காரணியைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிதான் இ.ஜி.எஃப்.ஆர். அதன் பெயரிலேயே தோல் இருக்கிறது. நம் மேல்தோலின் அடி அடுக்கிலும், முடிக்காலிலும், நகத்தைச் சுற்றியும் அது நிறைய உண்டு. தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள அந்த ஏற்பி தேவை. மாத்திரை அதை அணைக்கும்போது, புற்றுநோய் அணுவில் மட்டுமன்றித் தோலிலும் ஓரளவு அணைகிறது. தோல் மெலிகிறது, ஈரத்தை இழக்கிறது. முடிக்காலைச் சுற்றி அழற்சி உண்டாகிறது. அதுவே கட்டியாக வெளியே தெரிகிறது.

எது, எப்போது வரும்?

முதல் இரண்டு வாரத்துக்குள் முகம், தலை, மார்பு, மேல் முதுகு ஆகிய இடங்களில் கட்டிகள் தோன்றும். அடுத்த சில வாரங்களில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லத் தணியும். அதன்பின் தோல் வறண்டு அரிக்கும். விரல் நுனியும் குதிகாலும் வெடிக்கும். ஒன்றிரண்டு மாதம் கழித்து நகத்தின் ஓரம் வீங்கி வலிக்கலாம். சட்டைப் பித்தானைப் போடுவதுகூட அப்போது சிரமம். இன்னும் சில மாதங்களில் கண் இமை முடிகள் நீண்டு சுருளலாம். சில சமயம் அவை உட்புறமாக வளர்ந்து கண்ணை உறுத்தும். அப்போது கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எல்லா மருந்தும் ஒரே அளவில் இதைச் செய்வதில்லை. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், கெஃபிடினிப் அல்லது எர்லோடினிப் உண்டவர்களில் 78 விழுக்காட்டினருக்குத் தோல் கட்டிகள் வந்தன. ஓசிமெர்டினிப் உண்டவர்களிடம் அது 58 விழுக்காடு, பெரும்பாலும் லேசானவை.

அம்மையும் அன்று, பருவும் அன்று

இந்தக் கட்டிகளைப் பார்த்ததும் நம் வீடுகளில் மூன்று விதமான முடிவுக்கு வருவார்கள். அம்மை என்று வேப்பிலை தேடுவார்கள். உடம்புச் சூடு என்று மீன், கருவாடு, கத்தரிக்காயை நிறுத்திப் பத்தியம் வைப்பார்கள். அல்லது பருதானே என்று கடையில் பருக் கிரீம் வாங்குவார்கள்.

இது அம்மை அன்று. ஆகவே யாருக்கும் தொற்றாது. பேரப்பிள்ளையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். சாப்பாட்டால் வந்ததன்று, ஆகவே பத்தியத்தால் போகாது. உடம்பு தேற வேண்டிய நேரத்தில் பத்தியம் இருந்தால் சத்துதான் குறையும். பார்வைக்குப் பரு போலிருந்தாலும், இளவயதுப் பருவில் காணும் கரும்புள்ளி, வெண்புள்ளி இதில் இருக்காது. எண்ணெய்ப் பசையை உலர்த்தும் பருக் கிரீம்கள், ஏற்கெனவே வறண்டிருக்கும் தோலை மேலும் எரியவைக்கும். எலுமிச்சைச் சாறு, கடலை மாவு தேய்ப்பதும் அப்படியே. சிவப்பழகு தருவதாகச் சொல்லி விற்கும் கிரீம்களில் என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாது. அவற்றை அறவே தவிர்க்க வேண்டும்.

நம் நிறம் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு எளிதில் தெரியாது. கருஞ்சிவப்பாக, ஊதாவாக, சில சமயம் வெறும் கருமையாகத் தோன்றும். அதனால் பாதிப்பு உள்ளதைவிடக் குறைவாகப் பார்ப்பவருக்குப் படலாம். எனவே அரிக்கிறது, எரிகிறது, தூக்கம் வரவில்லை என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கட்டி ஆறியபின் கரும்புள்ளிகள் பல மாதம் நிற்பதும் நம் தோலின் இயல்பு. வெயில் பட்டால் அவை மேலும் கறுக்கும்.

கட்டி வந்தால் மருந்து வேலை செய்கிறதா?

எர்லோடினிப், செடுக்சிமாப் போன்ற மருந்துகளை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். தோலில் கட்டி வந்தவர்களுக்கு, வராதவர்களைவிட மருந்து நன்றாக வேலை செய்யும் போக்கு இருந்தது. இதைக் கேட்டால் நோயாளிக்கு ஓர் ஆறுதல். ஆனால் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளக் கூடாது. கட்டி வராத பலருக்கும் மருந்து பலன் தருகிறது. கட்டி வந்த எல்லாருக்கும் பலன் தரும் என்ற உறுதியும் இல்லை. மருந்து வேலை செய்கிறதா என்பதை ஸ்கேன் படம்தான் சொல்ல வேண்டும்.

இதை வேறு விதமாகப் புரிந்துகொள்பவர்களும் உண்டு. "கட்டி வந்தால் நல்லதுதானே, பொறுத்துக்கொள்வோம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். அதுவும் தேவையில்லை. தோலுக்குச் சிகிச்சை செய்வதால் புற்றுநோய் மருந்தின் பலன் குறைந்துவிடாது.

வருமுன் காப்பது

2010-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பானிடுமுமாப் ஊசி பெறவிருந்த 95 பெருங்குடல் புற்றுநோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு முதல் ஊசிக்கு முன்தினமே தோல் பராமரிப்பு தொடங்கியது: ஈரப்பசைக் கிரீம், வெயில் தடுப்புக் கிரீம், மிதமான ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு, டாக்சிசைக்ளின் மாத்திரை. மற்றப் பிரிவினருக்குக் கட்டி வந்தபிறகே சிகிச்சை. ஆறு வாரத்தில், முன்கூட்டியே தொடங்கியவர்களில் 29 விழுக்காட்டினருக்குத்தான் மிதமான அல்லது கடுமையான தோல் பாதிப்பு ஏற்பட்டது. காத்திருந்தவர்களில் அது 62 விழுக்காடு.

நுரையீரல் புற்றுநோய்க்கு 2024-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்த அமிவான்டமாப், லேசர்டினிப் கூட்டு மருந்து தோலைக் கடுமையாகவே பாதிக்கக்கூடியது. அதற்கும் இதே அணுகுமுறையைச் சோதித்தார்கள். 2025-இல் அறிவிக்கப்பட்ட முடிவின்படி, முதல் 12 வாரங்களில் மிதமான, கடுமையான பாதிப்பு சுமார் 77 விழுக்காட்டிலிருந்து சுமார் 39 விழுக்காடாகக் குறைந்தது.

டாக்சிசைக்ளின் கிருமிக்கொல்லி ஆயிற்றே, கிருமி இல்லாதபோது எதற்கு என்று கேட்கலாம். அழற்சியைத் தணிக்கும் குணமும் அதற்கு உண்டு. அதை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே உண்ண வேண்டும். நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும். விழுங்கியதும் படுக்கக் கூடாது. அது வெயிலைத் தாங்கும் சக்தியையும் குறைக்கும் என்பதால் வெயிலில் கூடுதல் கவனம் தேவை.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. கொதிக்கும் வெந்நீரில் குளிக்காமல், வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளிப்பது. வாசனை இல்லாத, மென்மையான சோப்பைப் பயன்படுத்துவது. குளித்து ஈரம் காய்வதற்குள் வாசனையற்ற ஈரப்பசைக் கிரீமைத் தடவுவது. மேகம் மூடிய நாளிலும் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட வெயில் தடுப்புக் கிரீமைப் பூசிக் குடையோடு வெளியே போவது. நம் நாடுகளில் நண்பகல் வெயிலின் புற ஊதாக் கதிர் அளவு பல நாள்களில் மிக அதிகம். நகத்தை ஒட்ட வெட்டாமல் நேராக வெட்டுவது. பாத்திரம் கழுவும்போது கையுறை அணிவது. கட்டிகளைக் கிள்ளாமல் இருப்பது.

காலிலும் வரும்

இலக்கு மருந்துகள் எல்லாம் முகத்தோடு நிற்பதில்லை. கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்களுக்குத் தரப்படும் சொராஃபெனிப் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் பாதிக்கும். உடம்பின் பாரம் விழும் இடங்களில் தோல் தடித்து, கொப்புளம் கண்டு, நடக்க முடியாமல் வலிக்கும். சீனாவில் 871 கல்லீரல் புற்றுநோயாளிகளிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், 10 விழுக்காடு யூரியா கலந்த கிரீமைத் தினமும் மூன்று வேளை தடவியவர்களில் 56 விழுக்காட்டினருக்கு இந்தப் பாதிப்பு வந்தது. தடவாதவர்களில் அது 73.6 விழுக்காடு. சாதாரணக் கிரீம், ஆனால் பலன் இருக்கிறது.

இத்தகைய மருந்தை உண்பவர்கள் வெறுங்காலோடு நீண்ட தூரம் நடப்பதைத் தவிர்க்க வேண்டும். பத்துமலையின் 272 படிகளை வெறுங்காலோடு ஏறுவதாக வேண்டுதல் வைத்திருக்கலாம். வெயிலில் காய்ந்த கோயில் பிராகாரத்தைச் சுற்ற நினைக்கலாம். சிகிச்சை முடிந்தபின் அந்த வேண்டுதலை நிறைவேற்றிக்கொள்ளலாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எப்போது ஓட வேண்டும்?

மேலே சொன்னவை பெரும்பாலும் சமாளிக்கக்கூடியவை. ஆனால் சில அறிகுறிகள் தென்பட்டால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாது. காய்ச்சலுடன் தோல் பரவலாகச் சிவப்பது, கொப்புளம் எழும்பித் தோல் உரிவது, வாய், கண், பிறப்புறுப்பில் புண் வருவது ஆகியவை இருந்தால் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். உண்ணும் மருந்தின் பெயரையும் அங்கே தெரிவிக்க வேண்டும். கட்டிகளில் சீழ் வடிந்து, மஞ்சள் பொருக்கு கட்டி, வலி கூடினால் கிருமி சேர்ந்துவிட்டது என்று பொருள். அதையும் உடனே காட்ட வேண்டும்.

இழுப்பறையில் இருக்கும் மாத்திரை

மீண்டும் அந்தத் தாயாரிடம் வருவோம். அவர் மாத்திரையை நிறுத்தியதும் முகம் தெளிந்தது உண்மை. அதே நாள்களில், அணைந்திருந்த விசை நுரையீரலிலும் மீண்டும் உயிர்பெறத் தொடங்கியிருக்கும். அதை அவரால் பார்க்க முடியாது. அடுத்த ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தால், மருந்து பலன் தரவில்லை என்று மருத்துவர் நினைக்கக்கூடும். உண்ணாத மருந்தின்மீது பழி போட்டு, நல்ல மருந்து ஒன்றைக் கைவிட நேரலாம்.

அவர் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? களிம்பும் டாக்சிசைக்ளினும் கிடைத்திருக்கும். அதுவும் போதாவிட்டால் மருத்துவரே சில நாள் மருந்தை நிறுத்திவைப்பார். அல்லது அளவைக் குறைப்பார். அஃபாடினிப் 40 மில்லிகிராமில் தொடங்கி, தேவைப்பட்டால் 30, 20 என்று குறைக்கப்படுவதுண்டு. அப்படிக் குறைத்தவர்களுக்குப் பலன் குறையவில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருத்துவர் கணக்குப் பார்த்து நிறுத்துவது வேறு, நாம் மறைத்து நிறுத்துவது வேறு. தேவையெனில் புற்றுநோய் மருத்துவரே தோல் மருத்துவரிடம் அனுப்பிவைப்பார்.

"உயிர் போகும் நோய்க்கு மருந்து சாப்பிடுகிறோம்; முகத்தைப் பற்றிப் புலம்பினால் மருத்துவர் என்ன நினைப்பார்?" என்று தயங்குபவர்கள் நம்மிடையே அதிகம். முக்கியமாகத் தாய்மார்கள். முகத்தைப் பற்றிக் கவலைப்படுவது தற்பெருமை அன்று. நாலு பேர் மத்தியில் போய் நிற்க முடியவில்லை என்றால் அதுவும் நோய் தரும் துன்பம்தான். மருத்துவரிடம் சொல்லத் தகுந்த துன்பம்தான்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. "அம்மா, மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டால் "ஆச்சு" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். "முகம் எரியுதாம்மா? ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். முதுகில் கை எட்டாத இடத்தில் களிம்பைத் தடவிவிடுங்கள். கட்டிகளைக் கைப்பேசியில் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். சந்திப்பு நாளில் முகம் தெளிந்திருந்தாலும் படம் பேசும். அண்டை அயலார் கேட்டால், "அம்மை இல்லை, மருந்தோட விளைவு, ஒட்டாது" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்.

இந்த மாத்திரையை இப்போதுதான் தொடங்கப் போகிறவர்கள் மருத்துவரிடமோ தாதியிடமோ மூன்று கேள்விகளைக் கேட்டு வாருங்கள். இந்த மருந்து என் தோலை என்ன செய்யும்? வராமல் தடுக்க இன்றைக்கே என்ன தொடங்கலாம்? வந்துவிட்டால் எந்த எண்ணுக்கு அழைப்பது?

அந்த எண்ணைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டி வையுங்கள். மாத்திரைப் பெட்டியையும் இழுப்பறைக்குள் வைக்காமல், அப்படியே கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.